தாலுக்கா ஆபீஸை விட்டுக் கம்பெனிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு

அரசு வேலையை விட்டுவிட்டு வந்தால் கம்பெனியில் சம்பளம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுத்தான் எல்லோரும் போன் செய்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பணிப்பதிவேட்டில் சேர்ந்த தேதி என்ன? அது 1.4.2003-க்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

நான் குரூப் 4 எழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள். திருப்பூர் மாவட்டத்துத் தாலுக்கா ஆபீஸ்களில் துணை வட்டாட்சியர் வரைக்கும் வந்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு சோலார் கம்பெனியில் நில ஆவணப் பிரிவைப் பார்க்கிறேன். எங்கள் உடுமலை, தாராபுரம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி முதலில் காற்றாலை வந்தது. இப்போது வெயிலை நம்பி சோலார் வருகிறது. ஏக்கர் கணக்கில் நிலம் வாங்குகிறவர்களுக்கு ‘அ’ பதிவேடும் (கிராமத்து நில விவரப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிக் கிடைத்த வேலை இது. மற்ற துறைக்காரர்களுக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கும். வணிகவரிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. வேலை, தொழிலாளர் துறைக்காரர்களுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெளிநாட்டு பையர்கள் கேட்கும் தணிக்கை வேலை, பொதுப்பணித் துறை இன்ஜினியர்களுக்குக் காண்ட்ராக்ட் கம்பெனிகள். வாசல் எதுவானாலும் போட வேண்டிய கணக்கு ஒன்றேதான்.

முதலில் ஓய்வூதியம்

1.4.2003-க்கு முன்னால் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறீர்கள். இந்நேரம் உங்களுக்கு 20 ஆண்டு தாண்டியிருக்கும். சம்பளமில்லா விடுப்பு நிறைய எடுத்திருந்தால் மட்டும் தகுதியுள்ள பணிக்காலம் எவ்வளவு என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். 20 ஆண்டு தகுதிப் பணி இருந்தால் மூன்று மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம், ஓய்வூதியமும் வரும். ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணி ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராமல் போய்விடும். கோபத்தில் ஒரு வெள்ளைத்தாளில் ராஜினாமா எழுதி நீட்டுகிற காரியம் இந்தப் பிரிவினருக்கு ஆகவே ஆகாது.

அதற்குப் பின்னால் சேர்ந்தவர்கள், என்னைப் போல, பங்களிப்பு ஓய்வூதியத்தில் (சி.பி.எஸ்.) வந்தவர்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நம் பங்கு 10 சதவீதம், அதே அளவு அரசின் பங்கு என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. அரசாணைகள் மாறிக்கொண்டிருக்கிற விஷயம் இது. போன வருஷம் போனவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள், இன்றைக்கு நடப்பில் இருக்கிற ஆணையைக் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வேலை, இதை இப்போதே செய்யலாம்: சேர்ந்த வருஷத்திலிருந்து எல்லா ஆண்டுக்கும் சி.பி.எஸ். கணக்குச் சீட்டை எடுத்து மாதம் மாதமாக டிக் அடியுங்கள். ஊர் மாறிய மாதம், ஒரு கருவூலத்திலிருந்து இன்னொன்றுக்குச் சம்பளப் பட்டியல் போன மாதம், அயற்பணிக்குப் போன மாதம், இவற்றில்தான் வரவு விடுபடும். வேலையில் இருக்கும்போது பில் கிளார்க்கிடம் போய், “தம்பி, இந்த மூணு மாசத்தைக் கொஞ்சம் பாருப்பா” என்று நிற்கலாம். வெளியே வந்த பிறகு அதே சீட்டை எடுத்துக்கொண்டு பார்வையாளர் நேரத்தில்தான் போக வேண்டும்.

அந்த சி.பி.எஸ். பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதை நம்பி யாருக்கும் தேதி சொல்லாதீர்கள்.

சி.டி.சி. என்கிற கணக்கு

சி.டி.சி. என்றால் உங்களுக்காகக் கம்பெனி வருஷத்துக்குச் செய்கிற மொத்தச் செலவு. கம்பெனியில் ‘வருஷத்துக்கு 9 லட்சம்’ என்று சொன்னால் நம் மனசு அதைப் பன்னிரண்டால் வகுத்து 75,000 என்று வைத்துக்கொள்ளும். அரசுச் சம்பளப் பட்டியல் பார்த்தே பழகிய கண்ணுக்கு இதில் இருக்கிற வேலை தெரியாது. ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன்.

75,000-ல் பத்து சதவீதம், அதாவது 7,500, ‘வேரியபிள்’ என்று ஒதுக்கியிருப்பார்கள். அது வருஷக் கடைசியில், கம்பெனி நன்றாக ஓடி, உங்கள் மேலாளரும் மனசு வைத்தால் வரும். அடிப்படைச் சம்பளம் பாதி, 37,500 என்று வையுங்கள். அதில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பி.எஃப்., 4,500. அதுவும் அந்த 75,000-க்குள்தான் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது 1,800 சொச்சம், அதுவும் உள்ளேதான். பிறகு உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 4,500. மிஞ்சுவது 56,700-க்குப் பக்கம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரிக்கழிவும், சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் இருப்பதால் இந்தத் தொகைக்கு வருமான வரி வராது. ஆறுதல் அவ்வளவுதான்.

கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து ஆண்டு முழுதாக இருந்தால்தான் கிடைக்கும். மூன்று வருஷத்தில் கம்பெனி மாறுகிறவர்களுக்கு அந்த 1,800 காகிதத்தில் இருக்கிற காசு.

அரசு வேலையிலிருந்து வருகிறவர்களிடம் பெரும்பாலும் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. முதல் முறையாக பி.எஃப்.-க்குள் வருகிறோம், அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருக்கிறது என்றால், பி.எஃப். அலுவலகத்தின் மாத ஓய்வூதியத் திட்டத்தில் நமக்கு இடமில்லை. 1.9.2014-லிருந்து இப்படித்தான். கம்பெனி கட்டும் பங்கு முழுக்க பி.எஃப். கணக்கிலேயே சேரும். சேமிப்பு நிறைய இருக்கும், ஆனால் அறுபதுக்கு மேல் மாதாமாதம் ஒரு பைசா தானாக வராது. ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிடுகிற அகவிலைப்படியும், வருஷா வருஷம் தானாக ஏறுகிற 3 சதவீதமும் அங்கே கிடையாது. ஆகையால் என் அளவுகோல் இது: கைக்கு வருகிற தொகை இப்போது கைக்கு வருவதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும், அந்தக் கூடுதலில் பாதிக்கு மேல் முதல் தேதியே சிலுவாடாக, அதாவது சேமிப்பாகப் போய்விட வேண்டும். இந்தக் கணக்குக்குக் கட்டாத ஆஃபரை, “வேலை சொகமா இருக்குமுங்க” என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள்.

வீட்டில் முடிக்க வேண்டியவை

மருத்துவக் காப்பீடு. அரசு ஊழியர் காப்பீட்டு அட்டை வேலையோடு போய்விடும். கம்பெனி ஒரு குரூப் பாலிசி கொடுக்கும், அதுவும் அந்த வேலை இருக்கிற வரைக்கும்தான். சொந்தமாக ஒரு குடும்ப பாலிசி வேண்டும், அதை ராஜினாமாவுக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போடலாம். அந்தக் கடிகாரம் நீங்கள் அரசு அட்டையோடு இருக்கும்போதே ஓட ஆரம்பிக்கட்டும். உள்ளதை மறைக்காமல் எழுதுங்கள். வீட்டில் வயசான மாமனார் மாமியார் இருந்தால் அவர்களுக்குத் தனிப் பாலிசி விலை கேட்டுவிட்டு, அதையும் மேலே சொன்ன கணக்கில் சேருங்கள்.

கடன். வீடு கட்ட அரசு முன்பணம் வாங்கியிருந்தால் பாக்கியைக் கட்டாமல் விட மாட்டார்கள். பண்டிகை முன்பணம் சின்னத் தொகை, ஆனால் அது கூட நிலுவையின்மைச் சான்றைப் பிடித்து நிறுத்தும். கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன் சம்பளத்தில் பிடித்தம் ஆகிக்கொண்டிருப்பதால் இருப்பதே மறந்திருக்கும். “போறதுக்கு முந்தி கவர்மெண்டு சம்பளச் சீட்டை வெச்சு ஒரு பெரிய லோன் போட்டுட்டுப் போயிடுங்க” என்று புத்தி சொல்கிறவர்கள் உண்டு. புரொபேஷன் ஆறு மாதம் முடியாமல் புது இ.எம்.ஐ. வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

ஜாமீன். அரசு ஊழியர் கையெழுத்துக்கு இருக்கிற மதிப்பே இதில்தான். யார் யார் கடனுக்கு ஜாமீன் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாம் வெளியே போகும்போது சங்கம் வேறு ஜாமீன்தாரரைக் கேட்கும். அதைக் கடைசி வாரத்தில் அந்த நண்பரிடம் போய்ச் சொன்னால் உறவே கெட்டுப்போகும். மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட்டால் அவரே ஆள் பார்த்துக்கொள்வார்.

வீட்டுப் பேச்சைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. கொங்குப் பக்கம் ஒரு வினோதம்: நாலு தறி போட்டு, பவர்லூம் ஓட்டி, கோழிப்பண்ணை வைத்து முன்னுக்கு வந்த அதே வீட்டில்தான் கவர்மெண்டு வேலையை விட்டால் வெசனப்பட்டு உட்காருவார்கள். கணக்கை எழுதிக் காட்டுங்கள். பேசிப் புரிய வைப்பதைவிட அந்தத் தாள் வேகமாக வேலை செய்யும்.

எதை விற்கப் போகிறீர்கள்?

மேலே சொன்ன கணக்கையெல்லாம் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கேள்விக்கு மட்டும் நீங்களேதான் பதில் வைத்திருக்க வேண்டும், அதுவும் நேர்காணலுக்குப் போகும் முன்பு. அரசு ஊழியரை வேலைக்கு எடுக்கிற கம்பெனிகளில் பாதிப் பேர் எடுக்க நினைப்பது ஆபீஸ்களில் நமக்கு இருக்கிற ஆள் பழக்கத்தைத்தான், நம் வேலையை இல்லை. அதை நேரடியாகக் கேட்கவும் மாட்டார்கள். என்னிடம் ஒரு முதலாளி காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங் மேடம், உங்களுக்குக் கலெக்டராபீஸ்ல எல்லாரையும் பழக்கமுங்களே?”

“பழக்கமெல்லாம் இருக்குதுங்க. அதுக்குச் சம்பளம் வாங்கறதா இல்லீங்க. உங்ககிட்ட முடியாம நிக்கிற பத்திரக் கட்டு ஏதாச்சும் ஒண்ணு குடுங்க, என்ன கோளாறுன்னு எழுதித் தர்றனுங்.”

கட்டு வந்தது. தாய்ப்பத்திரம், இரண்டு பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று, கூட்டுப் பட்டா. வக்கீல் ஒருவர் எல்லாம் சரி என்று எழுதியிருந்தார். பத்திரத்தைப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. நான் முதலில் கேட்டது புலப்படத்தை. அதில் நிலத்தின் குறுக்கே ஒரு ஓடை போகிறது, அது புறம்போக்கு. பத்திரத்தில் எல்லை சொல்லும்போது ‘இட்டேரிக்கு (வேலிகளுக்கு நடுவே போகிற பாதை) மேற்கு’ என்று எழுதியவர்கள் ஓடையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்து, யு.டி.ஆர். காலத்தில், அதாவது 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, ஒரு உட்பிரிவு பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறியிருந்தது. அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை, பேரன்கள் விற்க வரும்போது நிற்கிறது. இந்தப் பகுதியில் நிலம் பார்க்கிறவர்களுக்கு இது அன்றாடம் வருகிற சிக்கல். ஒரு பக்கத்தில் இரண்டையும் எழுதி, எதற்கு யாரிடம் மனுப் போட வேண்டும், எந்தப் பகுதியை இப்போதே கிரயம் செய்யலாம், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பழக்கத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பழக்கத்தை விற்றால் என்ன தப்பு என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு பதில். ஒன்று சட்டம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். அதே சட்டத்தின் 7ஏ பிரிவில், அரசு ஊழியரிடம் என் செல்வாக்கில் முடித்துத் தருகிறேன் என்று ஆதாயம் வாங்குகிறவரும் மாட்டுவார். கம்பெனி ‘லையசன் மேனேஜர்’ என்று அழகாக அட்டை அடித்துக் கொடுக்கும், வழக்கு வந்தால் அட்டையில் இருக்கிற பேர் உங்களுடையது. இன்னொன்று வயசு. உங்களுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் மாறுதலில் போய்விடுவார்கள், ஓய்வு பெறுவார்கள். புலப்படம் படிக்கத் தெரிந்தது எங்கேயும் மாறுதலாகிப் போகாது.

ஆஃபர் லெட்டரில் பதவிப் பெயரும் வேலை விவரமும் என்ன போட்டிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். ‘அரசு அலுவலகத் தொடர்புகள்’ என்கிற ஒரே வரி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

பயோடேட்டாவில் நம் ஆட்கள் பதவிப் பெயரையும் ஊரையும் தேதியையும் மட்டும் எழுதுவார்கள். கம்பெனிக்காரருக்கு ‘ஏ2 இருக்கை’ என்றால் ஒன்றும் புரியாது. செய்த வேலையை எழுதுங்கள். ‘தேர்தல் பணி பார்த்தேன்’ என்பதற்குப் பதில், ஒரு தொகுதியின் வாக்குச்சாவடிகளுக்கு ஆள், வண்டி, பொருள் மூன்றையும் ஒரே பொழுதில் கொண்டுசேர்த்ததை எழுதலாம். ஜமாபந்தியில் (வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) ஒரு வருவாய்க் கிராமத்தின் கணக்கு முழுவதையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கியது, மழை வெள்ளத்தில் நிவாரணப் பட்டியல் தயாரித்தது, நீதிமன்றத்துக்கு எதிர்வாதுரைக்குக் குறிப்பு எழுதியது, இதெல்லாம் வெளியே காசு பெறும் வேலை. கோப்புக் குறிப்பு எழுதுகிற பழக்கம் இருக்கிறதே, நான்கு பக்கச் சங்கதியை அரைப் பக்கத்தில் சொல்லி முடிவுக்கு வைப்பது, அதற்குக் கம்பெனியில் பஞ்சம். அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

வேலையில் இருக்கும்போது தேடுவதற்குச் சில எல்லைகள் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-ன் படி அனுமதியில்லாமல் வெளியே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ‘கன்சல்டிங்’ என்று பேர் வைத்தாலும் அதேதான். “மெடிக்கல் லீவு போட்டுட்டு ரெண்டு மாசம் போய்ப் பாருங்க, புடிக்கலீன்னா திரும்பி வந்துருங்க” என்கிற யோசனையும் உலவுகிறது. பிடிபட்டால் 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, நிச்சயம். எந்தக் கம்பெனியின் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறதோ அந்தக் கம்பெனியோடு பேச்சே வேண்டாம். ஆபீஸ் பதிவேட்டின் நகலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவதும் கூடாது. அப்படிக் கொண்டுவரச் சொல்கிற கம்பெனி நாளைக்கு உங்களிடமிருந்து எடுத்துப் போகவும் இன்னொருவரைப் பழக்கும்.

ராஜினாமாக் கடிதம்

கடிதம் உங்களை நியமித்த அதிகாரிக்கு நேராகப் போக வேண்டும், நகல் உடனடி மேலதிகாரிக்கு. மூன்று மாத முன்னறிவிப்பு. காரணத்தை ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று முடித்துக்கொள்ளுங்கள். மனக்குறையை எழுதுகிற இடம் அதுவல்ல. ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து, வரிசை எண்ணும் முத்திரையும் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

17(ஏ)-வோ (சிறு தண்டனைக்கான நடவடிக்கை) 17(பி)-யோ நிலுவையில் இருந்தாலோ, விஜிலென்ஸ் விசாரணை ஓடினாலோ ஏற்பு ஆணை நகராது. முதலில் அதை முடிக்கிற வழியைப் பாருங்கள். தணிக்கைத் தடை (தணிக்கைக்காரர்கள் எழுதிய ஆட்சேபணை) உங்கள் இருக்கையில் ஏதாவது இருந்தால் பதில் எழுதி முடித்துவிடுங்கள். ஏற்பு ஆணை வரும் வரைக்கும் கடிதத்தைத் திரும்பப் பெறலாம். வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும். மறுபடி அரசு வேலை வேண்டுமென்றால் வயசு இருந்தால் தேர்வு எழுதி, பட்டியலில் கடைசி ஆளாகத்தான் உள்ளே வர முடியும்.

மூன்று மாதம் முடிந்துவிட்டது என்பதற்காக ஆபீஸுக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். ஆணை கையில் வரட்டும், பொறுப்பை எழுதி ஒப்படையுங்கள், விடுவிப்பு ஆணையை வாங்குங்கள், பிறகு போங்கள். கம்பெனிக்குச் சேரும் தேதியைச் சொல்லும்போதும், ஆணை வந்ததிலிருந்து இத்தனை நாளுக்குள் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்குக் காத்திருக்க மாட்டோம் என்கிற கம்பெனிக்கு நீங்கள் அவ்வளவு அவசியமில்லை என்று அர்த்தம்.

போன பிறகு

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பெரும்பாலானவை குடும்பக் கம்பெனிகள். சுவரில் மாட்டியிருக்கிற அமைப்புப் படத்தில் பொது மேலாளர் மேலே இருப்பார். செக்கில் கையெழுத்து யாருடையது, அக்கவுண்ட்ஸில் இருக்கிற மச்சானின் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது படத்தில் இருக்காது. கொஞ்ச நாள் கம்முனு இருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

தாலுக்கா ஆபீஸில் எதுவும் எழுத்தில் வரும், மெதுவாக வரும். இங்கே முதலாளி காரில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போவார், பொழுதோட முடிந்ததா என்று கேட்பார். வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே ஒரு மெயிலாக, ‘நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்’ என்று அனுப்பிவிடுகிற பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, பிறகு பேச்சு மாறியபோது அந்த மெயில்தான் கைகொடுத்தது.

பழைய ஆபீஸுக்குக் கம்பெனி வேலையாகப் போக நேர்ந்தால் மனுவோடு முன்வாசல் வழியாகப் போய், ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்களிடம் வேலை பழகிய தம்பி எழுந்து நின்று, “அக்கா, உள்ள வந்து உக்காருங்” என்பான். உட்காரலாம், டீ குடிக்கலாம், பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம். கோப்பைப் பற்றி அவன் மேசையில் பேசாதீர்கள். அவனுக்கும் ஒரு பணிப்பதிவேடு இருக்கிறது.

காகிதத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த நிதியாண்டில் அரசு கொடுத்த சம்பளம், பிடித்த வரி இரண்டையும் புதுக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் சேர்ந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாகக் கழிவு கொடுத்துக் குறைவாகப் பிடித்திருப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்கிற ஜூலையில் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். கடைசிச் சம்பளச் சான்று, பணிப்பதிவேட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், சி.பி.எஸ். சீட்டுகள், ஏற்பு ஆணை, விடுவிப்பு ஆணை, நிலுவையின்மைச் சான்று ஆகியவை ஒரே ஃபைலில் ஒட்டுக்கா வீட்டில் இருக்கட்டும், கம்பெனி டிராயரில் வேண்டாம்.